கதவடைத்த காலம் – 17: திரையிட்ட அலமாரிகள்

2020-ஆம் வருஷம் மார்ச் 23-ஆம் தேதி இரவு பிரிட்டனில் தொடங்கிய முதல் ஊரடங்கு, ஈஸ்டர் பண்டிகை நெருங்கிய நாட்களில் எத்தனை விசித்திரமான வழக்குகளைக் கிளப்பிவிட்டது என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். ஈஸ்டர் முட்டை என்னும் சாக்லேட் பண்டம் அவசியமான பொருள் ஆகாது என்று சில சிறு கடைக்காரர்களிடம் அதிகாரிகள் சொன்னதும், அப்படி ஒரு விதி சட்டத்தில் எங்குமே இல்லை என்று வணிகர் சங்கத்தார் மறுத்ததும், ஏப்ரல் 9-ஆம் தேதி நார்தாம்ப்டன்ஷயர் போலீஸ் தலைவர், ஜனங்கள் அடங்காவிட்டால் அவர்களுடைய தள்ளுவண்டிகளைச் சோதிக்கவும் நேரலாம் என்று எச்சரித்ததும், உள்துறை மந்திரி பிரீத்தி பட்டேல் அது தகாத காரியம் என்று சொன்னதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

அந்த வசந்த காலத்தில், வீட்டை விட்டுக் கடைக்குக் கிளம்புவதற்குத்தான் தக்க காரணம் வேண்டியிருந்தது. திறந்திருக்கும் கடை ஒன்றுக்குள் கால் வைத்த பிறகு எந்த அலமாரியிலிருந்து எதை எடுக்கலாம் என்பதற்குச் சட்டம் எல்லை வகுக்கவில்லை.

அந்த எல்லையை வகுக்க ஒரு சர்க்கார் துணிந்தது, அதே வருஷத்து இலையுதிர் காலத்தில். துணிந்தது லண்டன் அல்ல, வேல்ஸின் தலைநகரான கார்டிஃப்.

* * *

கோடை பிறக்குமுன் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில், புல்லையும் சருகையும் அகற்றி, நீண்ட வெற்றுப் பட்டை ஒன்றை வனத்துறையார் வகுத்துவைப்பதை மலைவழிப் பிரயாணம் செய்தவர்கள் கண்டிருப்பார்கள். ஒரு பக்கத்தில் பற்றிய நெருப்பு மறு பக்கத்துக்குத் தாவாமல் காக்கும் அந்தப் பட்டைக்குத் தீத்தடுப்புக் கோடு என்று பெயர். வேல்ஸ் சர்க்கார் தன் புதிய ஊரடங்குக்கு ஆங்கிலத்தில் சூட்டிய பெயரும் அதே பொருளுடையதுதான். வெல்ஷ் மொழியிலோ உருவகம் ஏதுமின்றிக் குறுகிய தடுப்புக் காலம் என்றே அதை வழங்கினார்கள்.

அந்த யோசனை செப்டம்பர் மாதத்திலேயே பிறந்துவிட்டது. நோய் மறுபடியும் பெருகத் தொடங்கிய வேளையில், லண்டன் சர்க்காரின் விஞ்ஞான ஆலோசனைக் குழு செப்டம்பர் 21-ஆம் தேதி கூடி, சிறிது காலத்துக்கு எல்லா நடமாட்டத்தையும் ஒருசேர நிறுத்திப் பார்ப்பது உடனே பரிசீலிக்கத்தக்க வழிகளில் ஒன்று என்று அபிப்பிராயம் சொல்லியிருந்தது. பிரதம மந்திரி போரிஸ் ஜான்சன் அதை அப்போது ஏற்கவில்லை. இங்கிலாந்தைப் பிரதேசம் பிரதேசமாகப் பிரித்து, நோயின் அளவுக்கேற்பக் கட்டுப்பாடு விதிப்பதே போதும் என்று நம்பினார்.

கார்டிஃபில் இருந்தவர் வேறுவிதமாக நினைத்தார். சமூக நலக் கொள்கையைப் பல்கலைக்கழகத்தில் போதித்து, அங்கிருந்து அரசியலுக்கு வந்தவரான முதல் மந்திரி மார்க் டிரேக்ஃபோர்டு, நோயின் கொடுமையைக் கோப்புகளின் வழியாக மட்டும் அறிந்தவரல்லர். தம் குடும்பத்தில் நோய்க்கு எளிதில் இரையாகக்கூடியவர்கள் இருந்ததால், தாம் வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்துவிடக் கூடாதே என்று அஞ்சி, வீட்டுக்குள் உறங்காமல் தோட்டத்துக் கட்டிடத்தில் தனித்துத் தங்கிய காலமும் அவருக்கு உண்டு. அவருடைய முடிவைக் குறை சொல்கிறவர்களும், அந்த முடிவின் பின்னால் இருந்த கவலை மெய்யானது என்பதை மறக்கலாகாது.

அக்டோபர் 19, திங்கட்கிழமை, அவர் அறிவித்தார்: அக்டோபர் 23, வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குத் தொடங்கி நவம்பர் 9-ஆம் தேதி வரையில், 17 நாட்களுக்கு, சுமார் 31 லட்சம் ஜனங்கள் வாழும் வேல்ஸ் தன் வாசலைச் சாத்திக்கொள்ளும். மதுக்கடைகளும் உணவு விடுதிகளும் தங்கும் விடுதிகளும் மூடப்படும். அத்தியாவசியமல்லாத பண்டங்களை விற்கும் கடைகளும் மூடப்படும். மூடுகிறவர்களின் நஷ்டத்துக்காக 30 கோடி பவுண்டு நிதி ஒன்று ஒதுக்கப்பட்டது. அதிலிருந்து சிறு கடைக்காரர்களுக்கு 5,000 பவுண்டு வரையில் கிடைக்கும்.

நான்கு நாட்கள் அவகாசம். திங்களும் செவ்வாயும் புதனும் அமைதியாகவே கழிந்தன.

* * *

வியாழக்கிழமை ஒரு கேள்வி பிறந்தது.

அந்தக் கேள்வியின் வேர் வசந்த காலத்து ஊரடங்கில் இருந்தது. சின்ன ஊர்களின் கடைவீதிகளில் தலைமுறை தலைமுறையாகத் துணிக்கடையோ பாத்திரக்கடையோ புத்தகக்கடையோ நடத்தி வந்தவர்கள், மார்ச் மாதத்தில் சட்டத்துக்குப் பணிந்து கதவைச் சாத்திவிட்டு, அரை மைல் தொலைவில் இருக்கும் பேரங்காடியில், அரிசிக்கும் ரொட்டிக்கும் பக்கத்து வரிசையில், தாங்கள் விற்கும் அதே சட்டையும் அதே வாணலியும் அதே புத்தகமும் தங்குதடையின்றி விற்பனையாவதை மூன்று மாத காலம் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. வேல்ஸில் அவர்களுடைய கடைகள் மீண்டும் திறந்தது ஜூன் 22-ஆம் தேதி. திறந்து நான்கு மாதம் முடியும் சமயத்தில் மறுபடியும் பூட்டச் சொல்கிறார்கள். பெரிய கடைக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா என்று அவர்கள் கேட்டதில் தவறு சொல்ல என்னால் முடியவில்லை.

அந்தக் குறையைத்தான் கன்சர்வேடிவ் கட்சி உறுப்பினரான ரஸல் ஜார்ஜ், அக்டோபர் 22-ஆம் தேதி, செனெத் என்று வழங்கும் வேல்ஸ் பாராளுமன்றத்தில் எழுப்பினார். தனித்து நடக்கும் துணிக்கடையும் இரும்புச் சாமான் கடையும் மூடிக்கிடக்க, அதே பண்டங்களைப் பேரங்காடி விற்பது நியாயமாகாது என்பது அவருடைய வாதம்.

இப்படிப்பட்ட முறையீட்டுக்கு இரண்டு பரிகாரங்கள் உண்டு. மூடிய கடையைத் திறந்துவிடலாம். அல்லது திறந்த கடையின் அந்தப் பகுதியை மூடிவிடலாம். நோயைத் தடுக்கும் பொருட்டு நடமாட்டத்தைக் குறைக்க வேண்டும் என்று தீர்மானித்திருந்த சர்க்காருக்கு முதல் வழி அடைபட்டிருந்தது. ஆகவே, பேரங்காடிகளும் அத்தியாவசியமல்லாத பண்டங்களை விற்கலாகாது என்று சர்க்கார் தரப்பில் பதில் வந்தது. இது வெறும் நியாயத்தைப் பற்றிய விஷயம் என்றும், தேவையற்ற பொருளைத் தேடிக்கொண்டு கடைக்குள் உலாவுவதற்கு உரிய காலம் இதுவல்ல என்றும் டிரேக்ஃபோர்டு அதற்கு விளக்கம் சொன்னார்.

அந்தப் பதில் சொல்லப்பட்ட வேளையில், ஊரடங்கு தொடங்க இரண்டு முழு நாட்கள்கூட மீதம் இல்லை.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். கடைக்காரருக்கும் கடைக்காரருக்கும் இடையில் தராசைச் சமன்செய்யும் வேலையாகவே அன்று அந்த விதி உருவாயிற்று. விற்பவர்களின் தராசு அது. வாங்குகிறவர் எந்தத் தட்டில் நிற்கிறார் என்ற கேள்வியை அந்த அவசரத்தில் யாரும் எழுப்பியதாகத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மாலைக்குப் பிறகு வேல்ஸ் கண்ட கோபம் முழுவதும் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் என்பது என் அபிப்பிராயம்.

* * *

வெள்ளிக்கிழமை, அக்டோபர் 23. மாலை 6 மணி.

1984-ஆம் வருஷத்து நோய்க்கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ்ப் பிறப்பிக்கப்பட்ட விதிகள் அமுலுக்கு வந்தபோது, பேரங்காடிகளின் சிப்பந்திகள் அலமாரிகளுக்கு முன்னால் நாடாவைக் கட்டிக்கொண்டும், பிளாஸ்டிக் விரிப்புகளை இழுத்து ஒட்டிக்கொண்டும், சில இடங்களில் முழு வரிசையையே பெட்டிகளை அடுக்கி மறித்துக்கொண்டும் இருந்தார்கள். பொருள்கள் எங்கும் போய்விடவில்லை. விலைச் சீட்டுடன் அதே அலமாரியில்தான் இருந்தன. கண்ணாடி போன்ற விரிப்பின் வழியாகக் குழந்தைகளின் சட்டை தெரிந்தது, போர்வை தெரிந்தது, வெந்நீர்க் கெட்டில் தெரிந்தது, புத்தகம் தெரிந்தது. கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருக்கும் ஒன்றைத் தொடாதே என்று சொல்வதில் உள்ள கடுமை, அந்தப் பொருள் கடையிலேயே இல்லை என்று சொல்வதில் இல்லை. தீர்ந்துவிட்டது என்றால் மனிதன் பொறுத்துக்கொள்கிறான். இருக்கிறது, ஆனால் உனக்கில்லை என்றால் பொறுக்கமாட்டான்.

எது அவசியம்? விதிகள் பெரும்பாலும் எந்த வகைக் கடைகள் திறந்திருக்கலாம் என்றே வகைபிரித்தன. ஒரே கூரையின் கீழ் ஊசி முதல் உலை வரையில் விற்கும் கடையில் எந்தெந்தப் பண்டம் எந்தப் பக்கம் என்று பிரிக்கும் பாரம், மேலாளர்களின் தலையிலும், மணிக்கணக்குக் கூலி வாங்கும் சிப்பந்திகளின் தலையிலும் விழுந்தது. ஆகவே ஓர் ஊரில் மறைக்கப்பட்டது இன்னோர் ஊரில் திறந்திருந்தது. விளக்கம் போதாது, அவகாசமும் போதாது என்று சில்லறை வணிகர் அமைப்புகள் முறையிட்டன.

குளிர்காலம் வாசலில் நிற்கிறது. பள்ளிகளுக்கு அரைப்பருவ விடுமுறை. குழந்தையின் பாதம் ஊரடங்கைப் பார்த்து வளராமல் இருப்பதில்லை. இரவு 10 மணிக்குக் கெட்டில் பழுதானால், காலையில் எழுந்து தேநீருக்கு வெந்நீர் போட வேண்டிய முதியவளுக்கு அது அவசியமா, அல்லவா? போர்வையை அன்றைக்கு அவசியமற்றது என்று தீர்மானித்தவர், எந்த வீட்டின் கதகதப்பில் உட்கார்ந்து தீர்மானித்தார்? இப்படி வேல்ஸின் வீடுகள்தோறும் கேள்விகள் எழுந்தன.

வட வேல்ஸில் ஓர் ஊரில், ஒருவர் பேரங்காடிக்குள் புகுந்து அந்தப் பிளாஸ்டிக் விரிப்புகளை இரு கைகளாலும் கிழித்தெறிந்த காட்சி படமெடுக்கப்பட்டுத் தேசமெங்கும் பரவியது. போலீசார் அவரைக் கைதுசெய்தார்கள். அவர் செய்த முறை சரியன்று. அந்தச் சிப்பந்திகள் அவருக்கு ஒரு தீங்கும் செய்தவர்கள் அல்லர். ஆயினும் அந்தக் காட்சியைப் பார்த்தவர்களில் அநேகர் தங்கள் மனத்தில் அடக்கிவைத்திருந்த ஒன்றையும் அதில் கண்டிருக்க வேண்டும்.

மற்றவர்கள் சாத்விகமான வழியை நாடினார்கள். அவசியமல்லாத பொருள் என்று ஒதுக்கியவற்றைப் பேரங்காடிகள் விற்க அனுமதிக்க வேண்டும் என்று செனெத்துக்கு ஒரு மனு பிறந்தது. 5,000 கையொப்பம் சேர்ந்தால் மனுவை விவாதத்துக்கு எடுப்பது பற்றி யோசிப்பார்கள் என்பது அப்போது அங்கே வழக்கமாயிருந்தது. இந்த மனுவிலோ 67,000-க்கும் மேற்பட்டவர்கள் கையொப்பமிட்டார்கள். அந்தப் பாராளுமன்றத்துக்கு அதுவரையில் வந்த மனுக்களில் அதுவே பெரியதாயிற்று.

* * *

கடையில் எது விற்கலாம், எது விற்கலாகாது என்று சட்டம் பட்டியலிடுவது அந்த மண்ணுக்குப் புதிதல்ல என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதுக்கடைகளை மூடவேண்டும் என்று வேல்ஸுக்கு மட்டுமாக ஒரு சட்டம் 1881-ஆம் வருஷத்தில் லண்டன் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. இங்கிலாந்தோடு இணைத்துவிட்ட பிறகு வேல்ஸைத் தனி நாடாகக் கருதிச் செய்யப்பட்ட முதல் சட்டம் அதுவே என்பார்கள். வடமேற்கிலுள்ள டுவைவோர் என்னும் வட்டாரத்தில் அந்தத் தடை, ஜனங்களின் வாக்காலேயே காப்பாற்றப்பட்டு, 1996 வரையில் நீடித்தது. தங்கள் நெறி என்று தாங்களே ஏற்ற கட்டுப்பாட்டை நூறு வருஷத்துக்கு மேல் சுமந்த ஜனங்கள் அவர்கள்.

அப்புறம் 1950-ஆம் வருஷத்துக் கடைகள் சட்டம் வந்தது. ஞாயிற்றுக்கிழமையன்று விற்கத்தக்க பண்டங்களை அது அட்டவணையிட்டது. பச்சைக் காய்கறி விற்கலாம், டப்பியில் அடைத்தது கூடாது. பத்திரிகை விற்கலாம், பைபிள் கூடாது என்ற அளவுக்கு அந்த அட்டவணை போய்விட்டது. திருத்துவதற்கு 1986-இல் தாட்சர் சர்க்கார் கொண்டுவந்த மசோதாவே 282-க்கு 296 வாக்குகளில் தோற்றது. வேல்ஸில் டோர்வைன் வட்டார நிர்வாகம், ஞாயிறன்று விற்ற கட்டிடச் சாமான் கடை ஒன்றின்மேல் தொடுத்த வழக்கு, ஐரோப்பிய நீதிமன்றம் வரையில் சென்று 1989-இல் தீர்ப்புக்கு வந்தது. கடைசியில் 1994-இல் புதிய சட்டம் பிறந்து, பண்டங்களின் பட்டியலை விட்டுவிட்டுக் கடையின் பரப்பையும் நேரத்தையும் மட்டும் அளவிட்டது. நாற்பத்து நான்கு வருஷ அனுபவத்துக்குப் பிறகு, பண்டம் பண்டமாகப் பிரிப்பது ஆகாத காரியம் என்று கண்டுதான் அப்படிச் செய்தார்கள்.

இருபத்தாறு வருஷம் கழித்து, ஓர் இரவில், பட்டியல் திரும்பி வந்தது. ஞாயிற்றுக்கிழமை மறுத்ததைத் திங்கட்கிழமை வாங்கலாம் என்ற ஆறுதல் பழைய சட்டத்தில் இருந்தது. புதிய விதியில் அந்தத் திங்கட்கிழமை 17 நாட்களுக்கு அப்பால் இருந்தது.

* * *

சனிக்கிழமையே முதல் மந்திரிக்கு எதிரொலி கேட்டுவிட்டது. வாரக் கடைசியில் நடந்ததைப் பேரங்காடிகளோடு கூடிப் பரிசீலிப்போம், நடைமுறை அறிவுக்கு ஒத்தபடி விதி நடக்கும்படி பார்த்துக்கொள்வோம் என்று அவர் தெரிவித்தார். எந்தக் கட்சியின் உறுப்பினர் வியாழக்கிழமை நியாயம் கேட்டாரோ அதே கன்சர்வேடிவ் கட்சியின் தலைவர்கள் இப்போது விதியை எதிர்ப்பதில் முன்னால் நின்றார்கள். சிறு கடைக்காரருக்காக வாதாடியதும், பிறகு வாங்குகிறவருக்காக வாதாடியதும் இரண்டும் உண்மையான குறைகளே. அவ்விரண்டையும் ஒரே விதியால் தீர்க்க இயலாமல் போனதுதான் அந்த வாரத்தின் துன்பம்.

திங்கட்கிழமை, அக்டோபர் 26. நெருப்பில் நெய் வார்த்தாற்போல் ஒரு சம்பவம்.

கார்டிஃபில் ஒரு பேரங்காடியின் கிளையில், மாதவிடாய்க்கு வேண்டிய நாப்கின் வாங்கப்போன பெண் ஒருவர், அந்தப் பகுதி அடைக்கப்பட்டிருப்பதைக் கண்டு, தமக்கு அது மறுக்கப்பட்டது என்று பகிரங்கமாக முறையிட்டார். கடை நிறுவனம் அளித்த முதல் பதில், சர்க்கார் உத்தரவுப்படி அவற்றை விற்பதற்கில்லை என்று பொருள்படும்படி அமைந்துவிட்டது. அது தவறு. அந்தப் பகுதி அடைக்கப்பட்டிருந்ததற்குக் காரணம் அங்கே நடந்த ஒரு திருட்டு முயற்சி. நிறுவனம் தன் பதிலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இத்தகைய பொருள்கள் அவசியமானவையே, ஒருபோதும் தடுக்கப்படவில்லை என்று சர்க்காரும் தெளிவுபடுத்தியது.

ஆனால், அந்தப் பொய்யான பதிலை அத்தனை பேரும் ஒரு கணம்கூடத் தயங்காமல் நம்பினார்களே, அதுதான் கவனிக்கத்தக்கது. ஒரு பெண்ணின் அந்தரங்கமான தேவையைக்கூட அவசியமல்ல என்று ஒரு சர்க்கார் சொல்லியிருக்கும் என நம்புவதற்கு வேல்ஸ் தயாராகிவிட்டிருந்தது. மூன்று நாளில் ஒரு விதி தன் பிரஜைகளின் நம்பிக்கையை இவ்வளவு தூரம் தொலைத்துவிட்டது என்பதற்கு, 67,000 கையொப்பத்தைவிட இது பெரிய சாட்சி.

செவ்வாய்க்கிழமை புதிய விளக்கம் வந்தது. தடையை எடுக்கவில்லை. எவை விற்கலாம் என்பது இன்னும் விரிவாகச் சொல்லப்பட்டது. மெய்யான அவசரத் தேவையோடு ஒருவர் வந்து கேட்டால், சிப்பந்திகள் தங்கள் விவேகப்படி மற்றப் பொருளையும் கொடுக்கலாம் என்ற தளர்வும் சேர்ந்தது. அதாவது, தன் வீட்டில் போர்வை இல்லை என்பதை ஒரு தாய், கல்லாவில் நிற்கும் முன்பின் தெரியாத இளைஞன் ஒருவனிடம் எடுத்துச் சொல்லி, அவன் தலையசைப்புக்குக் காத்திருக்க வேண்டும். இல்லாமையைச் சொல்லிக் கேட்பது எந்த நாட்டிலும் எளிதல்ல. அந்த இளைஞனுக்கும் அது எளிதாயிருந்திராது.

* * *

சிறு கடைக்காரரின் கதை என்ன ஆயிற்று? யாரை முன்னிட்டு இந்த விதி பிறந்ததோ அவர்களுக்கு அதனால் ஒரு சட்டை கூடுதலாக விற்கவில்லை. அவர்களுடைய கதவு மூடியே இருந்தது. பேரங்காடியில் விரிப்பு இருந்தது. மூன்றாவதாக, கதவே இல்லாத கடை ஒன்று இரவும் பகலும் திறந்திருந்தது: இணைய வாணிபம். கெட்டில் வேண்டியவர் கைபேசியைத் தட்டினார். அவர் ஊர்க் கடைவீதிக்குப் போயிருக்க வேண்டிய பணம் எங்கோ தொலைதூரத்துக் கிட்டங்கிக்குப் போயிற்று.

இந்த இடத்தில் நம் நாட்டுச் சம்பவம் ஒன்று நினைவுக்கு வருகிறது. அதே 2020-இல், ஏப்ரல் 20-ஆம் தேதி முதல் இணைய நிறுவனங்கள் எல்லாப் பண்டங்களையும் விற்கலாம் என்ற நிலை இந்தியாவில் உருவாகி, கடை மூடியிருக்கும் எங்களை இது அழித்துவிடும் என்று வணிகர் சங்கங்கள் எதிர்த்ததன் பேரில், ஏப்ரல் 19-ஆம் தேதி உள்துறை அமைச்சகம், அத்தியாவசியமல்லாத பண்டங்களை இணையத்திலும் விற்கலாகாது என்று உத்தரவிட்டது. கடைக்காரருக்கு நியாயம் என்பதே வாதமானால், தில்லி அதை அதன் கடைசி எல்லை வரையில் கொண்டுபோயிற்று. கார்டிஃப் பாதி வழியில் நின்றது. இரண்டிலும் நஷ்டப்பட்டவர் வாங்குகிறவர் என்பது வேறு விஷயம்.

அக்டோபர் 31-ஆம் தேதி, சனிக்கிழமை மாலை, போரிஸ் ஜான்சனும் தம் மனத்தை மாற்றிக்கொண்டு, நவம்பர் 5 முதல் டிசம்பர் 2 வரையில் இங்கிலாந்து முழுவதற்கும் ஊரடங்கு அறிவித்தார். அங்கேயும் அத்தியாவசியமல்லாத கடைகள் மூடின. ஆயினும் பேரங்காடி அலமாரிகளுக்கு வேல்ஸைப் போல விரிப்புப் போர்த்தும் வழியில் இங்கிலாந்து செல்லவில்லை. செஸ்டர் நகரத்தை ஒட்டிய சால்ட்னியில் இரு நாடுகளின் எல்லை ஒரு தெருவின் வழியாகவே ஓடுகிறது. தெருவின் ஒரு புறம் ஒரு சட்டம், மறு புறம் வேறொரு சட்டம். சுகாதாரத்தைப் பற்றிய அதிகாரம் 1999 முதல் கார்டிஃபில்தான் இருக்கிறது என்பதை அந்த அக்டோபரில்தான் முதன்முதலாக உணர்ந்தவர்கள் எல்லையின் இரு பக்கத்திலும் ஏராளம்.

நவம்பர் 9, திங்கட்கிழமை. சொன்ன சொல் தவறாமல் டிரேக்ஃபோர்டு ஊரடங்கை விலக்கினார். நாடாக்கள் அறுபட்டன, விரிப்புகள் இறங்கின. சிறு கடைக்காரர்கள் கிறிஸ்துமஸ் வியாபாரத்தை நம்பிக் கதவைத் திறந்து, கண்ணாடி ஜன்னல்களில் விளக்குச் சரம் கட்டினார்கள்.

நோய் சற்றுத் தணிந்திருந்தது. பிறகு மறுபடியும் ஏறத் தொடங்கியது. டிசம்பர் 19-ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு ஆறு நாட்கள் இருக்கையில், அன்று நள்ளிரவு முதல் வேல்ஸ் மீண்டும் அடைபடுகிறது என்று அதே முதல் மந்திரி அறிவிக்க நேர்ந்தது. சிறு கடைகள் மறுபடியும் மூடவேண்டும். பேரங்காடிகள் மறுபடியும் திறந்திருக்கும். அக்டோபர் 22-இல் கேட்ட அதே கேள்வி, ஓர் எழுத்தும் மாறாமல், அவருக்கு எதிரே வந்து நின்றது. 67,000 பேரின் கையொப்பத்தையும், அந்த மூன்று நாட்களில் இழந்த நம்பிக்கையையும் அறிந்த பிறகு, அவர் அந்தப் பட்டியலை இரண்டாம் முறையும் கையில் எடுத்தாரா?

(அடுத்த வாரம் தொடரும்)